மண் செய்த புண்ணியம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் சீடையும் போகின்றன. கன்னத்தின் செழுமை போகிறது. நாலு பேர் நடுவே வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் போய்விடுகிறது. ஆகையால் போன பல்லுக்குப் பதிலாக எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. யானைத் தந்தம், நீர்யானைப் பல், மாட்டுப் பல், தங்கம், பீங்கான், ரப்பர் என்று அவன் வைத்துப் பார்க்காத பொருள் இல்லை. அந்தப் பட்டியலில் ஒரு பொருளை நினைத்தால்தான் நமக்குக் கூசுகிறது. இன்னொரு மனிதனுடைய பல்.

விக்டர் ஹ்யூகோவின் பெரிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950ல் அது சினிமாவாகவும் வந்தது. அதில் பாண்டீன் என்ற ஏழைத் தாய், தன் குழந்தைக்கு மருந்து வாங்குவதற்காகத் தன் முன்பற்கள் இரண்டை விற்கிறாள். அதற்கு முன்பே கூந்தலை விற்றாகிவிட்டது. இரண்டு பல்லுக்கும் சேர்த்து நாற்பது பிராங்கு கிடைக்கிறது. குழந்தைக்கு நோயே இல்லை, அது பணம் பறிக்கச் சொன்ன பொய் என்பது அவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தைப் படிக்கிற வாசகர்களில் பலர், கண்ணீர் வரவழைப்பதற்காக ஆசிரியர் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார் என்று எண்ணுவதுண்டு. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நானும் இதைப் பற்றி விசாரித்துப் பார்த்தேன். ஹ்யூகோ கூட்டிச் சொல்லவில்லை. உண்மை அவருடைய கற்பனையைவிடக் கொடியதாக இருந்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற பெரிய ரண வைத்தியர் இருந்தார். இன்றைய அறுவை மருத்துவத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர் அவர். மனிதப் பற்களைப் பற்றி 1771லும் 1778லும் இரண்டு நூல்கள் எழுதினார். ஒரு மனிதப் பல்லை எடுத்துச் சேவலின் கொண்டையில் நட்டு, அது அங்கே ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்தவர் அவர். அந்தச் சேவல் கொண்டை லண்டன் ரண வைத்தியர் கல்லூரியின் கண்காட்சி சாலையில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. சேவலோடு நின்றிருந்தால் நமக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவர் வாயிலிருந்து அப்போதே பிடுங்கிய பல்லை இன்னொருவர் வாயில் நடலாம் என்றும் அவர் வழி சொன்னார். அதிலே ஒரு சங்கடம். கொடுப்பவருடைய பல்லின் வேர் பெறுபவருடைய குழிக்குப் பொருந்த வேண்டுமே! அதற்கும் அவர் யோசனை சொல்லி வைத்தார். பல் கொடுக்கக் கூடியவர்கள் பல பேரைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொள்ள வேண்டுமாம். முதல் ஆளின் பல் பொருந்தாவிட்டால் இரண்டாம் ஆளின் பல்.

வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். முதல் ஆளின் பல் பொருந்தவில்லை என்பது எப்போது தெரியும்? அதைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதானே!

அந்தக் காலத்துச் சித்திரக்காரர் தாமஸ் ரோலண்ட்சன் 1787ல் இந்தக் காட்சியைக் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். நாற்காலியில் புகைபோக்கி சுத்தம் செய்யும் கரி படிந்த ஒரு பையன். வைத்தியர் அவன் பல்லைப் பிடுங்குகிறார். பக்கத்தில் பட்டாடை உடுத்திய ஒரு சீமாட்டி தன் முறைக்காகக் காத்திருக்கிறாள். கதவருகே கந்தல் உடுத்த இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டே வெளியேறுகிறார்கள். ஒரு குழந்தை தன் உள்ளங்கையில் இருக்கும் காசைப் பார்க்கிறது.

பிடுங்கி நட்ட பல் நிலைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. சில சமயம் உயிருக்கே கேடு விளைந்தது. 1785ல் வில்லியம் வாட்சன் என்ற மருத்துவர் ஒரு விபரீதமான நோய்க் கதையை வெளியிட்டார். இளம் பெண் ஒருத்தி இன்னொருத்தியின் முன்பல்லை வைத்துக்கொண்டாள். சில வாரங்களில் வாயெல்லாம் புண். தாடை எலும்பு அரித்தது. கடைசியில் அவள் இறந்தே போனாள். இது போன்ற நிகழ்ச்சிகளால் மருத்துவர்களிடையே அச்சம் பிறந்தது. பல் நடும் மோகமும் தணியத் தொடங்கியது. பல் பெற்றவளின் துன்பம் இப்படி ஏட்டில் ஏறிவிட்டது. பல்லைக் கொடுத்த குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் பிறகு எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜார்ஜ் வாஷிங்டன் மரத்தாலான பல் கட்டியிருந்தார் என்று ஒரு கட்டுக்கதை உண்டு. அவர் அணிந்த பல் செட்டுகளில் மரம் இல்லை. நீர்யானைத் தந்தம் உண்டு, ஈயம் உண்டு, விலங்குப் பல் உண்டு, மனிதப் பல்லும் உண்டு. 1784ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய பண்ணைக் கணக்கில் ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது. டாக்டர் ஒருவருக்காக நீக்ரோக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கிய வகையில் 6 பவுண்டு 2 ஷில்லிங். கணக்கு எழுதியவர் பண்ணையைக் கவனித்து வந்த அவருடைய உறவினர். லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியரே அந்த டாக்டர் என்று கருதுகிறார்கள். அந்தப் பற்கள் வாஷிங்டனின் வாய்க்குத்தான் போயின என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லெ மேயர் முன்பல் ஒன்றுக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்து வந்தவர். பண்ணை அடிமைகளுக்குக் கிடைத்ததோ பல் ஒன்றுக்குப் பதின்மூன்றரை ஷில்லிங். சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! விடுதலைப் போரை அப்போதுதான் வென்று முடித்த தலைவரின் கணக்கில் இந்த வரி இருக்கிறது.

பிறகு 1815, ஜூன் 18. வாட்டர்லூ யுத்தம். ஒரே நாளில் ஏறக்குறைய 50,000 பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். செத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நல்ல பல் உள்ளவர்கள். இருட்டிய பிறகு குறடுகளோடு ஆட்கள் போர்க்களத்தில் இறங்கினார்கள். அந்தப் பற்கள் லண்டனுக்கும் பிற நகரங்களுக்கும் போய்த் தந்தத் தகட்டில் பதிக்கப்பட்டுப் பணக்காரர்களின் வாயில் ஏறின. 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரே வழங்கலாயிற்று. சவக்குழியிலிருந்து திருடிய பல்லைவிட, போர்க்களத்தில் விழுந்த வாலிபனின் பல் மேல் என்று வாங்குகிறவர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வாணிகம் எப்படி ஒழிந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பாரிஸுக்கு அருகில் ஸான் ஜெர்மேன் என்ற ஊரில் தூஷாத்தோ என்று ஒரு மருந்துக் கடைக்காரர். தந்தத்தால் ஆன பல் செட்டு அணிந்திருந்தார். மருந்துகளை ருசி பார்த்துப் பார்த்து அந்தத் தந்தம் எல்லா நாற்றங்களையும் உறிஞ்சிக்கொண்டது. அவருக்கே அவர் வாய் பொறுக்கவில்லை. கடையில் இருந்த பீங்கான் பாத்திரங்களைப் பார்த்தார். எத்தனை மருந்து அரைத்தாலும் கழுவினால் அவை சுத்தமாகிவிடுகின்றன. 'பல்லையே பீங்கானில் செய்தால் என்ன?' என்று தோன்றியது. 1774ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் செய்து பார்த்தார். சூளையில் பீங்கான் சுருங்கிவிடுவதால் அளவு தவறித் தவறிப் போயிற்று. துபுவா த ஷெமான் என்ற பல் வைத்தியர் கூடச் சேர்ந்து அதைச் சீர்படுத்தினார். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது ஷெமான் இங்கிலாந்துக்குப் போய் 1791ல் அங்கே உரிமைப் பத்திரமும் பெற்றுக்கொண்டார்.

வாட்டர்லூவுக்கு இருபத்துநான்கு ஆண்டு முன்பே பீங்கான் பல் லண்டனுக்கு வந்துவிட்டது. ஆனாலும் வசதியுள்ளவர்கள் செத்தவன் பல்லையே விரும்பினார்கள். பீங்கான் பல் பொய்ப் பல் என்று பார்த்தவுடன் தெரிந்ததாம். கடித்தால் 'நற நற' என்றதாம். 1808ல் போன்ஸி என்ற இத்தாலியர் பாரிஸில் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே செய்து பிளாட்டினக் கொக்கி வைத்துப் பொருத்திக் காட்டினார். பின்னர் லண்டனில் கிளாடியஸ் ஆஷ் என்ற உலோகப் பட்டறைக்காரர் பீங்கான் பல்லை மேலும் நயமாகச் செய்தார். அமெரிக்காவில் அது பெருந்தொழிலாயிற்று. குட்இயர் கண்ட கெட்டி ரப்பர் 1850களில் ஈறுத் தகடாக வந்து சேர்ந்தது. பல் செட்டின் விலை சாதாரண மக்களுக்கும் எட்டியது. மெள்ள மெள்ளப் பிணத்தின் பல்லைக் கேட்பார் இல்லாமல் போயிற்று. பையனின் பல்லுக்கு விலை சொல்வார் இல்லாமல் போயிற்று.

அடிமை வாணிகத்தை ஒழிக்க எத்தனை பேர் தொண்டை வறளக் கத்தினார்கள்! பல் வாணிகத்துக்கு எதிராக அப்படி ஒரு பெரும் இயக்கம் எழவில்லை. 1832ல் இங்கிலாந்தில் உடற்கூற்றுச் சட்டம் வந்து பிணத் திருட்டை அடக்கியது உண்மைதான். எப்படி அடக்கியது? உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் பிணங்களை மருத்துவப் பள்ளிகள் சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று வழி செய்து! சட்டமும் கடைசியில் ஏழையிடம்தான் போய் நின்றது. வாயிலே கை வைக்காமல் ஏழைக் குழந்தையைக் காப்பாற்றியது சட்டமும் அல்ல, சாஸ்திரமும் அல்ல. சூளையில் வெந்த வெள்ளை மண்.

அப்படியானால் மனிதன் திருந்தினானா? அல்லது மலிவான சரக்கு வந்ததால் பழைய கடையை மூடினானா?

என் நண்பர் ஒருவர் பல் டாக்டர். இந்தக் கேள்வியை அவரிடம் போட்டேன். அவர் மேஜைத் தட்டில் பல் நிறங்களின் மாதிரிகள் வரிசையாக இருந்தன. ஒளி பட்டால் இறுகும் வெண்பசை ஒரு குழாயில். அதன் மூலச் சரக்கை 1960களின் தொடக்கத்தில் ரபேல் போவன் என்ற அமெரிக்கர் கண்டார். பீங்கான் தொப்பி ஒன்று. தாடை எலும்போடு ஒட்டிப்போகும் டைட்டேனியத் திருகு ஒன்று.

"இந்தத் தட்டைப் பாருங்கள். இதிலே இருப்பது எதுவும் இன்னொருத்தன் வாயிலேயிருந்து வந்ததில்லை. எனக்கு இது போதும்" என்றார் அவர்.

"மனசு மாறாமல் சரக்கு மட்டும் மாறினால் போதுமா?" என்று கேட்டேன்.

"நாற்காலியிலே உட்கார்ந்திருக்கிற கரிப் பையனைக் கேளுங்கள். குறடு ஏன் நின்றது என்று அவனுக்குக் கவலையா? நின்றதே, அதுதான் அவனுக்கு வேண்டும். உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் மனிதன் நல்லவனாக வேண்டும் என்று காத்திருப்பீர்கள். அதற்குள் அந்தப் பையன் பொக்கை வாயனாகிவிடுவான், சார்!"

அவருடைய வாதத்தில் பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். துன்பப்படுகிறவனுக்குத் துன்பம் தீர்வதே முக்கியம். அதைத் தீர்த்தவனுடைய உள்ளத் தூய்மை அல்ல. மனமாற்றத்துக்காகக் காத்திருக்கும் சொகுசு வலிக்கிறவனுக்குக் கிடையாது. தண்ணீர்க் குழாய் வந்ததனால் எத்தனை பெண்களின் இடுப்பு பிழைத்தது! குழாய் போட்டவனுக்குப் பெண்களிடம் இரக்கம் இருந்ததா என்று நாம் விசாரிப்பதில்லை. அந்த மட்டில் தூஷாத்தோவுக்கும் அவருடைய மண்ணுக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் மற்றப் பாதி நெருடுகிறது. பல் வாங்கும் பழக்கம் நின்றது. தன் குறைக்கு ஏழையின் உடம்பில் ஈடு தேடும் எண்ணம் நின்றதா? மண்ணால் செய்ய முடியாத ஓர் உறுப்பு தேவைப்பட்டால் என்ன ஆகும்?

என்ன ஆயிற்று என்பதற்கு நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. சிறுநீரகத்தை ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு மாற்றும் கலை வளர்ந்தபோது, சென்னையின் வில்லிவாக்கத்துக்குப் பத்திரிகைகள் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வைத்தன. அங்கே அத்தனை பேர் விற்றிருந்தார்கள். 1994ல் இந்தியப் பாராளுமன்றம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. 2001ல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிக் கண்டு விசாரித்தார்கள். அந்த ஆய்வு மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் 100க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50,000 ரூபாய். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. நாலில் மூன்று பேருக்கு விசாரித்த அன்றும் கடன் இருந்தது. உடம்பு சீர்கெட்டது என்று சொன்னவர்கள் 100க்கு 86 பேர்.

பாண்டீன் பல்லை விற்றது பொய்யான நோய்க்கு. இவர்கள் விற்றது தீராத கடனுக்கு. இரண்டிலும் போனது உடம்பு. தீர வேண்டியது தீரவில்லை.

'யாரும் பலவந்தப்படுத்தவில்லையே! அவர்களாகத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. தன் உடம்பு தன் உரிமை என்பது நியாயமான பேச்சு. தலைமுடியை விற்கிறார்களே, அதைக் குற்றம் என்கிறோமா? முடி மறுபடி வளரும் என்பது ஒரு பதில். அது போதாது. வளராத பொருளையும் ஒருவன் பிரியத்தோடு கொடுப்பது உண்டு. அதை நாம் புகழவே செய்கிறோம்.

இந்த மாதிரி வியாபாரத்தைச் சோதிக்க நான் வைத்துக்கொண்டிருக்கும் உரைகல் மிக எளியது. சரக்கு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். சமமானவர்களுக்கு நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலில், இன்று நான் விற்பேன், நாளை நீ விற்பாய். அரிசி அப்படி, துணி அப்படி. ரோலண்ட்சன் படத்தில் சீமாட்டியின் பல் ஒருநாளாவது கரிப் பையனின் வாய்க்குப் போயிருக்குமா? எஜமானின் பல் பண்ணை ஆளுக்குப் போயிருக்குமா? வட்டிக்குக் கொடுத்தவன் தன் சிறுநீரகத்தை விற்றானா? நூற்றாண்டுக் கணக்காக ஒரே திசையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால், அங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரியவில்லையா? சம்மதக் கையெழுத்து பள்ளத்தை மேடாக்கிவிடாது. அந்தக் கையெழுத்தும் பள்ளத்தில் நின்று போட்டதுதான்.

உடம்பைப் பகிர்ந்துகொள்வதே பாவம் என்று இதற்குப் பொருள் அல்ல. பல்லிலிருந்தே ஓர் உதாரணம் சொல்ல முடியும். மருத்துவ உலகின் விசித்திரங்களில் அது ஒன்று. 1960களில் ரோம் நகரத்தில் ஸ்ட்ராம்பெல்லி என்ற கண் டாக்டர், பல்லைக் கொண்டு கண் கொடுக்க முடியும் என்று காட்டினார். கருவிழி அடியோடு வெந்து போய், வேறு சிகிச்சைக்கு இடமில்லாதவர்களுக்கான வைத்தியம் அது. நோயாளியின் கோரைப் பல்லை வேரோடும் சிறிது எலும்போடும் எடுத்து, வில்லையாகச் செதுக்கி, நடுவே துளையிட்டு, அதில் ஒளி புகும் சிறு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழலைப் பதிக்கிறார்கள். அதைச் சில மாதம் உடம்புக்குள்ளேயே வைத்துத் தசை பிடிக்கவிட்டு, பிறகு கண்ணில் பொருத்துகிறார்கள். கண்ணாடிக்குச் சட்டம் போல அந்தப் பல் லென்ஸைப் பிடித்துக்கொள்கிறது! சென்னையிலும் இந்தச் சிகிச்சையால் பார்வை பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

2008ல் ஒரு செய்தி வந்தது. விபத்தில் பார்வை இழந்த ஓர் அயர்லாந்துக்காரருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. பல்லைக் கொடுத்தவர் அவருடைய மகன்.

யோசித்துப் பார்த்தால் ஹண்டர் செய்ததும் இதுதான். ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல் இன்னொருவர் உடம்பில். குறடு அதே குறடு. வலியும் அதே வலி. ஆனால் இங்கே நம் நெஞ்சு கூசவில்லை, குளிர்கிறது. அந்த மகனுக்கு நாளை ஒரு தேவை வந்தால் தகப்பன் மறுத்திருப்பாரா? இருவருக்கும் நடுவே பள்ளம் இல்லை. தண்ணீர் இரு பக்கமும் ஓடக்கூடிய சமதரை அது.

அதே 2008ல் தமிழ்நாட்டில் அரசு ஆணைகள் பிறந்தன. மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைக் குடும்பத்தார் சம்மதத்தோடு பெற்று, வரிசைப்படி நோயாளிகளுக்குக் கொடுக்கும் முறை வகுக்கப்பட்டது. வாட்டர்லூவில் செத்தவனையும் யாரும் கேட்கவில்லை, அவன் தாயையும் கேட்கவில்லை. இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தாயிடம் கேட்கிறார்கள். அவள் இல்லை என்றும் சொல்லலாம். அழுதுகொண்டே சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்குப் போகப் போகிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இதிலும் குறைகள் இருக்கலாம். வரிசையில் பணம் புகுந்துவிடாமல் காவல் காக்க வேண்டியது எப்போதும் இருக்கிறது. ஆனாலும் இது மண் செய்த காரியம் அல்ல. மனிதர்கள் செய்த காரியம்.

என் டாக்டர் நண்பர் நாளைக்குச் சிறுநீரகத்தையும் ஆய்வுக்கூடத்தில் செய்துவிடுவார்கள் என்கிறார். செய்யட்டும். அன்றைக்கு நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். கடன்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளியின் விலாவைக் கத்தி தொடாமல் போனால் அதைவிட நல்ல செய்தி உண்டா? ஆனால் அன்றைக்கும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கும். ஒரு பொருளுக்கு மாற்று கண்டுபிடித்தால் இன்னொரு பொருள் வரும். ஏழையிடம் இருப்பது பல்லும் சிறுநீரகமும் மட்டும் அல்லவே! அவனுடைய உறக்கம் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது, பெண்ணின் கருப்பை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தூஷாத்தோ பிறக்கும் வரைக்கும் என்ன செய்வது?

பீங்கான் செய்த புண்ணியம் பீங்கானைச் சேர்ந்தது. அதை நம் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நம் கணக்கில் எழுத வேண்டியவை வேறே இருக்கின்றன. மாற்றுப் பொருள் கிடைக்காத இடத்தில் நாம் என்ன செய்தோம், எதை வேண்டாம் என்று சொன்னோம், யாரிடம் கேட்டு வாங்கினோம் என்பவை அவை. அந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியிருப்பது கொஞ்சம்தான்.